குறைமாதப் பேரக்குழந்தையின் பால் உணவு: தாத்தா பாட்டிகள் அறிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ நாள் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறந்திருக்கிறதா? குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, மூத்தவர்களின் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "பிள்ளை பால் குடிச்சதா?" என்பதுதான். குழந்தையின் மூக்கிலோ வாயிலோ மெல்லிய குழாய் பொருத்தப்பட்டிருப்பதையும், ஒரு வேளைக்கு ஓரிரு துளிப் பால் மட்டுமே கொடுக்கப்படுவதையும் பார்க்கும்போது கவலை இன்னும் கூடும்.

குறைமாதக் குழந்தைக்குப் பால் என்பது உணவு மட்டுமல்ல. சிகிச்சையின் ஒரு பகுதியும்கூட. அதனால்தான் அதை மருந்தைப் போல அளந்து, நேரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். அது எவ்வாறு நடைபெறுகிறது, என்னென்ன சிக்கல்கள் வரக்கூடும், நீங்கள் எப்படி உதவலாம் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

குறைமாதக் குழந்தை என்றால் என்ன?

கர்ப்ப காலம் சுமார் 40 வாரங்கள். 37 வாரங்கள் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 10ல் ஒன்று இவ்வாறு பிறக்கிறது. பெரும்பாலும் இது தாய் செய்த எந்தத் தவற்றாலும் நேர்வதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தையின் உடலில் கொழுப்பும், இரும்புச்சத்தும், எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச்சத்தும் பெருமளவில் சேர்கின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு இந்தச் சேமிப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆனால் மூளையும் நுரையீரலும் வளர அதற்கு நிறையச் சத்து தேவை. தேவை அதிகம், சேமிப்பு குறைவு. இந்த இடைவெளியை நிரப்புவதே மருத்துவர்களும் தாதியரும் செய்யும் வேலை.

ஏன் உடனே வாய் வழியாகப் பால் கொடுப்பதில்லை?

நிறைமாதக் குழந்தை பிறந்த சிறிது நேரத்திலேயே மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கும். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், அதற்கு மூன்று செயல்கள் ஒத்துப்போக வேண்டும்: உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல். இந்த மூன்றும் ஒழுங்காக இணைந்து நடக்கும் திறன், கர்ப்பத்தின் ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான் உருவாகத் தொடங்குகிறது. அதற்கு முன் வாய் வழியாகப் பால் ஊற்றினால் அது உணவுக் குழாய்க்குப் பதிலாக மூச்சுக் குழாய்க்குள் போய்விடக்கூடும்.

குழந்தையின் வயிறும் குடலும்கூட முதிர்ச்சி அடைந்திருக்காது. உணவைக் குடல் மெதுவாகத்தான் நகர்த்தும். குடலின் உட்சுவர் மென்மையாக இருப்பதால் கிருமிகள் எளிதில் பாதிக்கும். ஆகவே, குழந்தையைப் பட்டினி போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அதன் உடல் தாங்கும் வழியில் உணவு கொடுக்கப்படுகிறது.

மருத்துவமனையில் உணவு படிப்படியாகக் கொடுக்கப்படும் முறை

1. இரத்தக்குழாய் வழியாக ஊட்டச்சத்து
மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பிறந்த முதல் நாளிலிருந்தே சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் ஆகியவை அடங்கிய திரவம் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தப்படும். தொப்புள்கொடியில் உள்ள இரத்தக்குழாய் அல்லது கை, கால்களில் உள்ள இரத்தக்குழாய் இதற்குப் பயன்படும். வயிற்றுக்குள் பால் போகாத நாள்களிலும் குழந்தைக்குச் சத்து கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். நீண்ட நாள் இவ்வாறு கொடுத்தால் கிருமித்தொற்று, கல்லீரல் பாதிப்பு போன்றவை வரக்கூடும் என்பதால், குழந்தை பாலை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் இது படிப்படியாகக் குறைக்கப்படும்.

2. குடலைப் பழக்கும் சிறு துளிகள்
அடுத்து, மிகக் குறைந்த அளவில் தாய்ப்பால் கொடுக்கப்படும். 1 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 10 முதல் 20 மி.லி. பால் மட்டுமே கொடுக்கப்படலாம். அதாவது, ஒரு நாளுக்கு இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி. இதன் நோக்கம் வயிற்றை நிரப்புவது அல்ல. குடலை வேலைக்குப் பழக்குவது.

3. குழாய் வழியாகப் பால்
மூக்கு அல்லது வாய் வழியாக வயிறு வரை செல்லும் மெல்லிய குழாயின் மூலம், இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கப்படும். குழந்தை ஏற்றுக்கொள்வதைப் பார்த்து அளவு நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டப்படும். முழு அளவை எட்டும்போது, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மி.லி. அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கப்படும். இந்த நிலையை அடைய ஒரு வாரமோ இரண்டு வாரமோ, மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் அதிகமோ ஆகலாம்.

4. மார்பிலோ புட்டியிலோ குடித்தல்
குழந்தை விழித்திருந்து, விரலைச் சப்பி, வாயைத் திறந்து தேடத் தொடங்கினால், வாய் வழியாகக் குடிக்கத் தயாராகிறது என்று பொருள். முதலில் நாளுக்கு ஒரு வேளை, பிறகு இரண்டு வேளை எனத் தொடங்கி, மற்ற வேளைகளில் குழாயைத் தொடர்வார்கள். இன்று நன்றாகக் குடித்த குழந்தை நாளை களைத்துப்போகலாம். இது இயல்பானது.

தாய்ப்பால்: உணவு, அதோடு பாதுகாப்பு

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலே மிகச் சிறந்தது. எளிதில் செரிக்கும், கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் அதில் உள்ளன, கடுமையான குடல் நோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பிழிந்து கொட்டிவிடும் வழக்கம் முன்பு சில குடும்பங்களில் இருந்தது. அதை ஒரு துளிகூட வீணாக்கக் கூடாது. குழந்தை குடிக்க முடியாத நிலையிலும், தாதியர் சீம்பாலைப் பஞ்சில் நனைத்து அதன் வாயின் உட்புறத்தில் தடவுவதுண்டு.

1.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தாய்ப்பாலில் ஒரு சத்துச் சேர்மானம் கலந்து கொடுக்கப்படும். அதில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் பிற தாதுக்களும் இருக்கும். "தாய்ப்பாலில் சத்து இல்லையோ?" என்று தாயிடம் கேட்க வேண்டாம். பால் நல்ல பால்தான். கருப்பையில் பெற வேண்டிய சத்தையும் சேர்த்துப் பெற வேண்டியிருப்பதால்தான் குழந்தைக்கு இந்தக் கூடுதல் உதவி.

தாய்க்குப் போதிய பால் சுரக்காவிட்டால், தானமாகப் பெறப்பட்ட தாய்ப்பால் பற்றி மருத்துவர் பேசலாம். சிங்கப்பூரின் முதல் தாய்ப்பால் வங்கி 2017ஆம் ஆண்டு கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. பால் தரும் தாய்மார்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. பாலும் சூடாக்கப்பட்டுக் கிருமி நீக்கப்பட்ட பிறகே குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது. பெற்றோரின் சம்மதம் கேட்கப்படும். அந்தக் காலத்தில் அண்டை வீட்டுத் தாய் பால் கொடுத்ததுண்டு என்றாலும், பரிசோதிக்கப்படாத பாலைத் தெரிந்தவர்களிடமிருந்து வாங்கிக் கொடுப்பது குறைமாதக் குழந்தைக்கு ஆபத்தானது.

ஏற்படக்கூடிய சிக்கல்கள்

பால் ஒத்துக்கொள்ளாமை
வயிறு உப்பலாம், பால் வெளியே வரலாம். மருத்துவர்கள் பாலின் அளவைக் குறைக்கலாம் அல்லது சில மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். இது பின்னடைவு போலத் தோன்றினாலும், பல குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்வதுண்டு.

கடுமையான குடல் அழற்சி
மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'என்.இ.சி.' என்பர். குடல் சுவரில் வீக்கம் ஏற்பட்டு, ஒரு பகுதி அழிந்துபோகவும் கூடும். உயிருக்கு ஆபத்தான நோய் இது. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கே இது அதிகம் வருகிறது. வயிறு வீங்கி இறுகுதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், சோர்வு, மூச்சு இடையிடையே நிற்பது ஆகியவை இதன் அறிகுறிகள். பால் உடனே நிறுத்தப்பட்டு, நோய்க்கிருமிக் கொல்லி மருந்தும் இரத்தக்குழாய் வழி ஊட்டச்சத்தும் கொடுக்கப்படும். சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். அதனால்தான் வயிறு சற்று உப்பினாலும் தாதியர் கவனமாக இருக்கிறார்கள்.

எதுக்களித்தல்
வயிற்றின் மேல் வாயில் தசை வலுவாக இல்லாததால் பால் மேலே வரும். குழந்தை எடை கூடி, நன்றாக இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை; வளர வளரக் குறையும். பால் கெட்டியாக இருக்கட்டும் என்று அரிசி மாவோ வேறு மாவோ கலந்துவிடாதீர்கள்.

குடிக்கும்போது மூச்சும் இதயத் துடிப்பும் குறைதல்
குழந்தை மூச்சு விட மறந்து தொடர்ந்து விழுங்கினால், உதடு நீலமாகலாம். தாதியர் புட்டியை எடுத்துவிட்டு ஓய்வு கொடுப்பார்கள். இந்த நிலை சரியான பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

எடை கூடவில்லையே?
பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த சில நாள்களில் எடை குறையும். குறைமாதக் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "இன்னைக்கு எத்தனை கிராம்?" என்று தினமும் தாயைக் கேட்பது அவருக்குப் பரீட்சை எழுதுவதைப் போன்ற அழுத்தத்தைத் தரும்.

நம் வழக்கங்களில் தவிர்க்க வேண்டியவை

பின்வருபவை அன்போடு செய்யப்படும் வழக்கங்கள். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு இவை தீங்கு விளைவிக்கலாம்.

• சேனை வைத்தல்: சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும்.
• உரை மருந்து: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் போன்றவற்றை உரசிக் கொடுக்க வேண்டாம். கல்லிலும் மருந்திலும் உள்ள கிருமிகள் குழந்தையின் குடலுக்குச் செல்லும். அளவும் கட்டுப்பாட்டில் இருக்காது.
• கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வெறும் தண்ணீர்: பாலுக்கான இடத்தை இவை பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீர் அதிகமானால் உடலின் உப்புச் சமநிலையும் கெடும்.
• மூக்கில் எண்ணெய் விடுதல், தலைக்கு ஊற்றும்போது தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுத்தல்: எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும்.
• சாரோங் தொட்டிலில் தூங்க வைத்தல்: உடல் வளைந்து, தாடை நெஞ்சில் இடித்து, மூச்சுப் பாதை சுருங்கலாம். சமதளமான, உறுதியான மெத்தையில் மல்லாந்து படுக்க வையுங்கள். எதுக்களிக்கும் குழந்தைக்கும் இதுவே பாதுகாப்பானது.

பெயர் சூட்டுதல், முடியிறக்குதல் போன்ற சடங்குகளை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வைக்கலாம்.

தாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி

மார்பில் குழந்தை இல்லாதபோது, பம்ப் மூலம் பாலெடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். அதற்கு ஒரு நாளில் 8 முறை அல்லது அதற்கு மேல், இரவிலும் ஒருமுறையாவது பாலெடுக்க வேண்டும். முதல் நாள்களில் சில துளிகளே வரும். "இவ்வளவுதானா?" என்ற ஒரு சொல் தாயின் மனத்தை உடைத்துவிடும். அதற்குப் பதிலாக, "நீ எடுக்கிற ஒவ்வொரு சொட்டும் பிள்ளைக்கு மருந்தம்மா" என்று சொல்லுங்கள்.

• பம்ப் பாகங்களைக் கழுவிக் கிருமி நீக்கிக் கொடுங்கள்.
• தாய் உறங்கும் நேரத்தில் வருகையாளர்களையும் தொலைபேசி அழைப்புகளையும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.
• பத்தியம் என்ற பெயரில் உணவைக் குறைக்க வேண்டாம். மீன், முட்டை, பருப்பு, கீரை, காய்கறி, பழம் எல்லாம் சேர்ந்த உணவும், தாகத்துக்கேற்ற தண்ணீரும் அவருக்குத் தேவை. பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு போன்ற வழக்கமான உணவுகளை அவர் விரும்பினால் அளவாகச் செய்து கொடுக்கலாம். மதுபானம் கலந்த மருந்துகளையும் லேகியங்களையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.
• எடுத்த பாலில் பெயர், நாள், நேரம் எழுதி, ஐஸ் பை வைத்த குளிர்ப்பெட்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல உதவுங்கள்.
• தாயோ தந்தையோ குழந்தையைத் தோலோடு தோல் சேர்த்து நெஞ்சில் அணைத்திருக்கும் நேரம் மிக முக்கியம். கங்காரு பராமரிப்பு எனப்படும் இந்த முறை குழந்தையின் உடல் வெப்பத்தைக் காத்து, தாய்ப்பால் சுரப்பையும் கூட்டுகிறது. அவர்கள் மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில் வீட்டையும் மூத்த பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது பெரிய உதவி.
• தாய் இரண்டு வாரத்துக்கு மேல் அழுதுகொண்டோ, எதிலும் ஈடுபாடின்றியோ இருந்தால் மருத்துவரிடம் தெரியப்படுத்துங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு

• குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளியிருங்கள். உங்கள் சளிக்காய்ச்சல், கக்குவான் இருமல் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• புட்டியில் கொடுப்பதாக இருந்தால், மருத்துவமனை சொன்ன மெதுவாகப் பால் வரும் காம்பையே பயன்படுத்துங்கள். தலை சற்று உயர்ந்திருக்கட்டும். சில முறை விழுங்கியதும் புட்டியைச் சாய்த்து மூச்சு விட நேரம் கொடுங்கள்.
• புருவத்தை உயர்த்துதல், விரல்களை விரித்தல், வாயோரம் பால் வழிதல், தலையைத் திருப்புதல் ஆகியவை "போதும்" என்று குழந்தை சொல்லும் விதங்கள். மிச்சம் 10 மி.லி. இருக்கிறதே என்று வற்புறுத்தாதீர்கள். குடித்து மீந்த பாலை வீணாகிறதே என்று அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கவும் வேண்டாம்.
• பால்மாவு கிருமியற்றதல்ல. மருத்துவமனை பரிந்துரைத்த மாவை, கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் உள்ள நீரில் கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுங்கள். குறிப்பிட்ட கரண்டி அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.
• தாய்ப்பாலை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்காதீர்கள். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும்.
• இரும்புச்சத்து, வைட்டமின் சொட்டு மருந்துகளை மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை கொடுங்கள். குழந்தை நன்றாகக் குண்டாகிவிட்டாலும் நிறுத்தக் கூடாது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்பார்களே?
அது உண்மையல்ல. கருப்பையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே. பொதுவாக, எட்டு மாதக் குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம்.

ஆறு மாதம் ஆகிவிட்டது. கூழ் கொடுக்கலாமா?
குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயதுக் கணக்குகள் உண்டு. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாகப் பிறந்துள்ளது. பிறந்து 6 மாதமானாலும், வளர்ச்சியில் அது 4 மாதக் குழந்தையைப் போன்றது. தலை நிற்கிறதா, தாங்கி உட்கார வைத்தால் உட்காருகிறதா, உணவைப் பார்த்து வாயைத் திறக்கிறதா என்று பார்த்து, எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார். தடுப்பூசிகளை மட்டும் பொதுவாகப் பிறந்த தேதியை வைத்தே போடுவார்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தை இதைவிடப் பெரிதாக இருக்கிறதே?
ஒப்பிட வேண்டாம். உங்கள் பேரக்குழந்தையை அதன் சென்ற மாத எடையோடும் உயரத்தோடும் தலைச்சுற்றளவோடும் மட்டுமே ஒப்பிடுங்கள். சுகாதாரக் கையேட்டில் உள்ள வளர்ச்சிக் கோடு அதைக் காட்டும்.

எப்போது உடனடி உதவி தேவை?

உடனே 995ஐ அழையுங்கள்:
• மூச்சு நின்றால், அல்லது மூச்சு விட மிகவும் சிரமப்பட்டால்
• உதடு, நாக்கு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால்
• உடல் துவண்டு, எழுப்பினாலும் எழாவிட்டால்

உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்:
• பச்சை நிற வாந்தி, அல்லது வாந்தியில் இரத்தம்
• வயிறு வீங்கி இறுகியிருந்தால், மலத்தில் இரத்தம் இருந்தால்
• உடல் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல், அல்லது 36 டிகிரிக்குக் கீழ்
• வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டால், டயப்பர் நனைவது வெகுவாகக் குறைந்தால்

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் மருத்துவரோ தாதியரோ கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

பேரக்குழந்தைக்கு ஊட்டி மகிழ்வது மூத்தோரின் ஆசை. அதற்கான காலம் நிச்சயம் வரும். இப்போதைக்கு, மருத்துவர் சொல்லாத எதையும் குழந்தையின் வாயில் வைக்காமல் இருப்பதும், பாலூட்டும் தாயின் வயிறும் மனமும் நிறையும்படி பார்த்துக்கொள்வதுமே நீங்கள் குழந்தைக்கு ஊட்டும் உணவு.

இந்தக் கையேடு பொதுவான தகவல்களை மட்டுமே தருகிறது. உங்கள் பேரக்குழந்தைக்குரிய ஆலோசனையை அதைக் கவனிக்கும் மருத்துவரிடமோ தாதியிடமோ பெறுங்கள். ஆங்கிலத்தில் பேசச் சிரமமாக இருந்தால், தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் உதவ முடியுமா என்று கேளுங்கள்.